கிழமைக் கடனும் வாவிக்கரை வீட்டுக் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கிராமங்களில், கிழமையில் ஒரு நாள் காலை வேளையில், யாரேனும் ஒருவரது வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடியிருப்பதைக் காணலாம். அது கோயிற் சடங்குக்கான கூட்டமன்று. மாதர் சங்கக் கூட்டமும் அன்று. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு புத்தகமும் மடித்து வைத்த சில காசுத்தாள்களும் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் இளைஞர் ஒருவர் பெயர்களை வாசிப்பார். பணம் எண்ணப்படும். ஒருத்தியிடம் அன்றைய தவணைக்குப் பணம் இல்லையெனில் மற்றையவர்கள் சேர்த்துக் கொடுக்கும் வரையில் கூட்டம் கலையாது. அடுத்த நாள் வேறொரு நிறுவனத்தின் இளைஞர் வேறொரு முற்றத்துக்கு வருவார். கூடும் பெண்களிற் பலர் அதே பெண்களாகவே இருப்பர்.

இக்காட்சி குறித்து நம்மிடையே இரு வகையான பேச்சுக்கள் உலவுகின்றன. "ஆசைப்பட்டு வாங்கினார்கள், இப்போது அனுபவிக்கிறார்கள்" என்பது ஒன்று. "நிறுவனங்கள் வந்து ஏழைகளை ஏமாற்றிவிட்டன" என்பது மற்றொன்று. முன்னையது கடன்பட்டவரைக் குற்றவாளியாக்குகிறது. பின்னையது அவரை ஏதுமறியாதவராக்குகிறது. இரண்டும் முழு உண்மையல்ல என்பதே எமது கருத்தாகும். வீட்டுக்கு ஒரு பொருள் வேண்டுமென்று விரும்புவது குற்றமன்று. அந்த விருப்பத்துக்கு உண்மையில் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பது வாங்குபவரின் கண்ணில் படாமற் போவதும், வருமானம் வரும் காலமும் கடன் கேட்டு வரும் காலமும் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதுமே இப்பிரதேசத்துக் குடும்பங்களை அழுத்தும் சுமையின் வேர் எனலாம்.

முதலில் இந்த விருப்பங்கள் எங்கிருந்து வந்தன என்பதை நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவி எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்து நிற்கிறது. போர்க்காலம் முழுவதும் அது வெறும் நீர்ப்பரப்பாக மட்டுமன்றி ஓர் எல்லையாகவும் இருந்தது. படுவான்கரையில் மின்சாரம் இல்லாத வீடுகளே பெரும்பான்மை. ஆசைப்படுவதற்குக் கூடப் பொருள்கள் கண்ணெதிரே இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எழுவான்கரையின் கரையோரக் கிராமங்களைத் துடைத்துச் சென்றது. 2007 ஜூலையில் குடும்பிமலைப் பகுதியுடன் கிழக்கில் போர் முடிவுக்கு வந்தது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் விளைநிலங்களை மூழ்கடித்தது. 2013 இல் கல்லடியில் புதிய பாலமும், 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன.

பாலங்களின் மேலாகப் பேருந்துகள் வந்தன, வைத்தியசாலைக்குப் போவது இலகுவாயிற்று, மின்கம்பங்கள் நடப்பட்டன. அதே பாலங்களின் மேலாகக் குத்தகைக் கடன் நிறுவனங்களின் முகவர்களும், தவணைக்குத் தொலைக்காட்சியும் குளிர்சாதனப் பெட்டியும் விற்போரும், குழுக்கடன் உத்தியோகத்தர்களும் வந்து சேர்ந்தனர். இரண்டு தலைமுறையாக எதுவுமே வாங்க இயலாதிருந்த மக்களின் வாசலுக்கு எல்லாமே ஒரே காலத்தில் வந்தன. அதுவும் "இப்போது எடுங்கள், பிறகு கட்டுங்கள்" என்ற அழைப்போடு வந்தன. இழந்த ஆண்டுகளை ஈடுசெய்ய அவர்கள் விரும்பியதை எவரும் பழித்தல் ஆகாது.

விரும்பிய பொருள்களில் முதன்மையானது வீடு. மட்டக்களப்புப் பகுதியின் தாய்வழிக் குடிமரபில், தமிழர் முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவரிடையேயும், பெண்பிள்ளைக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படுகிறது. திருமணமான பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். இவ்வழக்கத்தை நீண்டகாலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே போன்றோர், இது பெண்ணுக்கு ஓர் உறுதியான காப்பாக அமைவதை எடுத்துக் காட்டியுள்ளனர். கணவன் கைவிட்டாலும், போரில் மறைந்தாலும், காலடியில் அவளுக்கென ஒரு நிலம் இருக்கும். ஆழிப்பேரலைக்குப் பின்னர் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றின் உரிமை 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டபோது எழுந்த எதிர்ப்பின் காரணமும் இதுவே. ஆகவே, மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற தாயொருத்தி மூன்று வீடுகளைப் பற்றி எண்ணுவது பகட்டினால் அன்று. இம்மண்ணில் அது அவளது கடமையாகக் கருதப்படுகிறது.

ஆயினும் அக்கடமையின் அளவு காலப்போக்கில் வீங்கிவிட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஓலைக் கூரையும் மண்சுவரும் சீதன வீடாக ஏற்கப்பட்ட காலம் போய், கல்வீடும், மாபிள் பதித்த தரையும், வீட்டோடு சேர்த்து மோட்டார் சைக்கிளும், பவுண் கணக்கில் நகையும் பேசப்படும் காலம் வந்துள்ளது. போருக்குப் பிந்திய வீடமைப்புத் திட்டங்களிலும் இந்நிலையைக் கண்டோம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் பயனாளி ஒருவருக்கு வழங்கப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. பொருள் விலையேற்றமும், 'கட்டுவதைச் சற்றுப் பெரிதாகவே கட்டிவிடுவோம்' என்ற எண்ணமும் சேர, மீதிப் பணத்துக்காகப் பலர் கடன்பட்டனர். வீடு பெற்றவர்கள் கடனாளிகளாகவும் ஆகியிருந்த நிலையை, யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களை ஆராய்ந்து கொழும்பிலுள்ள வறுமை ஆராய்ச்சி நிலையம் 2014 ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியது. வாவிக்கரையின் நிலையும் அதனின்றும் பெரிதும் வேறுபட்டதாக எமக்குத் தோன்றவில்லை.

இனி, கடன் எவ்விதம் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்ப்போம். எண்களைக் கண்டு வாசகர்கள் விலகிவிட வேண்டாம். விடயத்தின் மையமே இந்த எண்களில்தான் உள்ளது.

ஒரு பெண் 50,000 ரூபா குழுக்கடன் பெறுகிறார் என வைத்துக் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கூறப்படுகிறது. 50,000 ரூபாவுக்கு 24 சதவீதம் 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவை 52 கிழமைகளில் கட்டி முடித்தல் வேண்டும். அதாவது கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. கேட்பதற்கு நேர்மையான கணக்காகவே தோன்றும். ஆனால் அப்பெண் 50,000 ரூபாவை ஓராண்டு முழுவதும் கையில் வைத்திருக்கவில்லை. முதற் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். ஆண்டின் நடுப்பகுதியில் அவரிடம் எஞ்சியிருக்கும் கடன் ஏறக்குறைய அரைவாசிதான். எனினும் வட்டியோ கடைசிக் கிழமை வரை முழுத் தொகைக்கும் அறவிடப்படுகிறது. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணக்கிட்டால், அவர் உண்மையிற் செலுத்துவது ஆண்டுக்கு 24 சதவீதமன்று. ஏறத்தாழ 44 சதவீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று தொடக்கத்திலேயே 2,000 ரூபாவைக் கழித்துக்கொண்டு 48,000 ரூபாவையே கையிற் கொடுத்தால் அது 52 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

இக்கணக்கு இரகசியமானதன்று. எந்த வங்கி முகாமையாளருக்கும் தெரிந்ததே. ஆனால் கடன் பத்திரத்திற் கையொப்பமிடும் பெண்ணுக்கு அது சொல்லப்படுவதில்லை. கிழமைக்கு எவ்வளவு என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. 1,192 ரூபா என்பது சிறு தொகையாகத் தெரிகிறது. ஒரு பொருளின் விலை மறைந்து தவணை மட்டும் கண்ணுக்குத் தெரியும்போது, இலட்சக்கணக்கான ரூபா பெறுமதியான பொருளும் எட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும்.

அடுத்து, வருமானம் வரும் காலம். படுவான்கரை நெல் விளையும் பூமி. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச் மாதங்களில். நீர்ப்பாசன வசதி உள்ள இடங்களில் சிறுபோக அறுவடை ஆகஸ்ட் அளவில். மானாவாரி நிலமெனில் ஆண்டுக்கு ஒரேயொரு அறுவடை. எழுவான்கரையில் கடற்றொழில் செய்வோருக்கு வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில் கடல் இடங்கொடுப்பதில்லை. வாவியில் தோணி விடுவோருக்கு ஒரு நாள் இறாலும் நண்டும் கிடைக்கும். மறுநாள் வெறுங்கையுடன் திரும்ப நேரும். மேசன் வேலைக்கும் கூலி வேலைக்கும் செல்வோருக்கு மழை பெய்தால் வேலையில்லை. இவ்வாறு போகத்துக்கும் பருவத்துக்கும் கட்டுப்பட்ட வருமானத்தை நம்பி வாழும் குடும்பத்தின் வாசலில், மழையென்றும் வெயிலென்றும் பாராது கிழமைக்குக் கிழமை கடன் வந்து நிற்கிறது. மாதச் சம்பளம் பெறுவோருக்கென வகுக்கப்பட்ட ஒழுங்கை அன்றாடம் உழைப்போர் மீது, அதிலும் மாதத்துக்கு ஒருமுறையாக அன்றிக் கிழமைக்கு ஒருமுறையாகச் சுமத்தியிருப்பதே இங்கு நிகழ்ந்துள்ள தவறு.

விவசாயியின் கைக்குப் பணம் வரும் வரையில் தவணை காத்திருப்பதில்லை. எனவே முதற் கடனின் தவணையைக் கட்ட இரண்டாவது கடன். இரண்டாவதைச் சமாளிக்க நகை அடகு. நகையை மீட்க மூன்றாவது கடன். கடன் பத்திரத்தில் 'கோழி வளர்ப்பு' என்றோ 'சிறுகடை' என்றோ நோக்கம் எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அப்பணம் கூரைத் தகட்டுக்கோ, மகளின் சாமத்தியச் சடங்குக்கோ, வேறொரு கடனின் தவணைக்கோ சென்றிருக்கும். கொடுப்பவருக்கும் அது தெரியும்; வாங்குபவருக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் அவ்வாறே எழுதிக் கொள்கின்றனர்.

ஓர் உதாரணக் குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கணவர் நாட்கூலிக்கு மேசன் வேலை செய்கிறார். மாதத்தில் 18 நாள் வேலை கிடைக்கிறது. நாளொன்றுக்கு 2,500 ரூபா வீதம் 45,000 ரூபா. மனைவியின் பெயரில் மூன்று குழுக்கடன்கள். கிழமைக்கு 1,200 ரூபா வீதம் மூன்றுக்கும் மாதத்தில் ஏறத்தாழ 15,600 ரூபா. மோட்டார் சைக்கிளின் குத்தகைத் தவணை 12,500 ரூபா. தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் சேர்த்து 4,000 ரூபா. கூட்டினால் 32,100 ரூபா. மிஞ்சுவது 12,900 ரூபா. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 430 ரூபா. அரிசி, கறி, மின்சாரக் கட்டணம், பிள்ளைகளின் கொப்பி, பென்சில், பேருந்துக் காசு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு, அண்மைய ஆண்டுகளில், ஆளொருவருக்கு மாதமொன்றுக்கு 16,000 ரூபாவுக்கும் அதிகமாக உள்ளது. அதன்படி நால்வருக்கு 64,000 ரூபா வேண்டும். 45,000 ரூபா வருமானத்தில் வாழும் குடும்பம் கடன் இல்லாமலே வறியது. கடனோடு அது பட்டினியின் விளிம்பில் நிற்கிறது. எனினும் வீதியாற் செல்பவரின் கண்ணுக்குத் தெரிவது வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் மட்டுமே.

அந்த மோட்டார் சைக்கிளையும் ஆடம்பரம் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பேருந்து அரிதாக ஓடும் வீதிகளில் வேலைத்தலத்துக்குச் செல்லவும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்கு விரையவும் அதுவே துணை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களும் எட்டாத விலைக்குச் சென்றன. குத்தகைக்கு எடுத்த வாகனம், தவணை முடியும் வரையில், எடுத்தவருக்கு முழுச் சொந்தமன்று. தவணைகள் தொடர்ந்து தவறினால் அது திருப்பி எடுக்கப்படும். அதுவரை கட்டிய பணமும், வாகனத்தைக் கொண்டு உழைத்த உழைப்பும் ஒருங்கே கைவிட்டுப் போகும்.

இவ்வாறு ஏற்கனவே தளர்ந்திருந்த குடும்பங்களின் மீதே 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி வந்து விழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தையும் தொட்டது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. நெருக்கடியின் தாக்கம் குறித்துத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2023 இல் நடத்திய ஆய்வில், நாட்டின் குடும்பங்களில் 60.5 சதவீதமானவற்றின் வருமானம் குறைந்திருந்தது. 91 சதவீதமானவற்றின் செலவு கூடியிருந்தது. 22 சதவீதமானவை நெருக்கடியினாற் கடன்பட்டிருந்தன. நாடு தனது கடன்காரர்களிடம் "இப்போது கட்ட இயலாது" என்று கூறி, பேச்சுவார்த்தை நடத்தி, கடனை மறுசீரமைத்துக் கொண்டது. வாவிக்கரைப் பெண்ணுக்கு அவ்வாறு கூறும் வாய்ப்பு இருக்கவில்லை. அவளது முற்றத்தில் கூட்டம் கலையாமல் இருந்தது.

இங்கேதான் விடயம் வெறும் வரவுசெலவுக் கணக்காக இல்லாமற் போகிறது. கிழக்கில் 49,000 விதவைகள் இருப்பதாக 2010 இல் அன்றைய மகளிர் விவகாரப் பிரதி அமைச்சர் தெரிவித்திருந்தார். குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் இத்தகைய பெண்களே குழுக்கடன்களின் முதன்மையான வாடிக்கையாளர்கள். பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவார்கள் என்பதே அவர்களுக்குக் கடன் கொடுப்பதன் காரணம்; வெட்கத்துக்கு அஞ்சுவார்கள் என்பதே அந்த ஒழுங்கின் இரகசியம். வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் தொடர்பான ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி 2018 செப்ரெம்பரில் இலங்கைக்கு வந்தபோது, சில நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 220 சதவீதம் வரையில் வட்டி அறவிடப்படுவதையும், வசூலிப்போரால் பெண்கள் உளரீதியாகவும் உடல்ரீதியாகவும் துன்புறுத்தப்படுவதையும், தவணைக்கு ஈடாகப் பாலியல் இலஞ்சம் கோரப்படுவதையும் பதிவு செய்தார். 2021 மார்ச் 8 ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். கடன் நெருக்கடியால் 200 க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக் கொண்டனர் என்பது அவர்களது குற்றச்சாட்டு. கிராமத்தில் ஒரு குடும்பம் இரவோடிரவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், அல்லது ஒரு தாய் பிள்ளைகளை உறவினரிடம் விட்டு மத்திய கிழக்குக்கு விமானமேறினால், அதன் பின்னால் பெரும்பாலும் ஒரு தவணைப் புத்தகம் இருக்கும்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நீதியாகாது. செய்தவை போதவில்லை என்பதே உண்மை. 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் மக்களிடம் வைப்புப் பெறும் நிறுவனங்களையே முதன்மையாகக் கட்டுப்படுத்தியது. வைப்புப் பெறாமற் கடன் மாத்திரம் கொடுக்கும் நிறுவனங்கள் அந்த வலைக்கு வெளியே நின்றன. 2018 இல் அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனைப் பெற்றுத் தவணை தவறியிருந்த பெண்களுக்கு நிவாரணம் அறிவித்தார். மட்டக்களப்பும் அவற்றுள் ஒன்று. உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகள் வழங்கும் நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என மத்திய வங்கி வட்டி உச்சவரம்பையும் விதித்தது. ஆனால் நிவாரணம் ஒரு கடனைத் தள்ளியதேயன்றி அடுத்த கடனைத் தடுக்கவில்லை. உச்சவரம்பும் உரிமம் பெறாதோரைத் தொடவில்லை. 2023 இல் வெளியிடப்பட்ட நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலத்தைப் பாதிக்கப்பட்ட பெண்களின் அமைப்புக்களே எதிர்த்தன. பெரிய நிறுவனங்களையும், கிராமத்துப் பெண்கள் தமக்குள் நடத்தும் சிறு சேமிப்புக் குழுக்களையும் ஒரே தராசில் வைத்தால், முன்னையவை தப்பிப் பிழைக்கும். பின்னையவை அழியும் என்ற அவர்களது அச்சம் பொருளற்றதன்று.

அயல்நாட்டு அனுபவங்களும் நமக்குப் பாடமாகும். பங்களாதேஷில் பேராசிரியர் முகம்மது யூனுஸ் தொடங்கிய கிராமீன் வங்கிக்கும் அவருக்கும் 2006 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 2010 ஒக்டோபரில், ஆந்திரப் பிரதேச அரசு நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஏழைகளுக்குக் கடன் என்ற நற்கருத்து, பெரும் இலாபம் தேடும் முதலீட்டின் கைக்குப் போனதன் விளைவு அது. கடன் வசூலிப்பில் பலவந்தத்தைத் தடுக்கும் சட்டமூலமொன்றைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. வசூலிக்கும் முறையையே குற்றமாக்கும் இத்தகைய ஏற்பாட்டை நமது சட்டவாக்குநரும் கூர்ந்து நோக்குதல் நன்று.

இனி ஆகவேண்டியவை யாவை? கடன் பத்திரத்தில் கிழமைத் தவணைக்கு அருகில், குறைந்து செல்லும் மீதியின் மீதான உண்மை வட்டியையும், கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதுவதை அரசு கட்டாயமாக்குதல் வேண்டும். விவசாயக் குடும்பத்துக்கான கடனின் தவணை அறுவடையோடு பொருந்துதல் வேண்டும். வெள்ளமும் புயலும் வந்த ஆண்டில் அது தானாகவே ஒத்திவைக்கப்படல் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியபோது, இயற்கை தவணைத் திகதி பார்த்து வருவதில்லை என்பதை மீண்டும் ஒருமுறை கண்டோம்.

கூட்டுறவுக்கும் மீண்டும் உயிரூட்டப்படல் வேண்டும். சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் இம்மண்ணுக்குப் புதியவையல்ல. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஊரவராகவும், வட்டியின் இலாபம் ஊருக்கே திரும்புவதாகவும் இருந்த காலத்தில், அறுவடை பொய்த்துவிட்டது என்று சொன்னால் அதைப் புரிந்துகொள்ள ஒருவர் இருந்தார். கிராமியக் கடனுக்குக் கூட்டுறவே மாற்று வழியென யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் அகிலன் கதிர்காமர் போன்றோர் தொடர்ந்து எழுதி வருகின்றனர். பழைய சங்கங்கள் அரசியல் தலையீட்டாலும் நிருவாகச் சீர்கேட்டாலும் நலிந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை; அக்குறைகளைக் களைந்தே அவற்றை எழுப்புதல் வேண்டும்.

ஆயினும் அனைத்தையும் அரசின் தலையிற் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக் கொள்வதும் முறையன்று. நம் கையிலும் சில உள்ளன. எமது பாட்டிமார் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். அறுவடை முடிந்ததும் அடுத்த அறுவடை வரையில் உண்ண எத்தனை மூடை, விதைக்கு எத்தனை மூடை என்று பிரித்த பின்னரே எஞ்சியதை விற்றனர். எழுத்தறியாதோரும் கணக்கறிந்திருந்தனர். ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது அவர்களது முதுமொழி. இன்று பத்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலும் மாத வரவுசெலவை ஒரு கொப்பியில் எழுதும் பழக்கம் அருகிவிட்டது. அதை மீண்டும் தொடங்குதல் வேண்டும். ஒரு பொருளை வாங்குமுன் "கிழமைக்கு எவ்வளவு?" என்று கேட்பதை விடுத்து, "கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு? அறுவடை பொய்த்தால் எதைக் கொண்டு கட்டுவோம்?" என்று கேட்டல் வேண்டும். மனைவிக்குத் தெரியாமற் கணவரும், கணவருக்குத் தெரியாமல் மனைவியும் பட்ட கடன்களை ஒரே கொப்பியில் எழுதும் நாள் கசப்பான நாளாகவே இருக்கும். ஆனால் அந்த நாளில்தான் குடும்பம் கடனிலிருந்து வெளியேறத் தொடங்கும்.

கடன்களையும் தரம் பிரித்தல் வேண்டும். உழைப்பைப் பெருக்கும் கடன் ஒன்று. ஊருக்குக் காட்டும் கடன் மற்றொன்று. கடனைக் கட்டப் படும் கடன் மூன்றாவது. தோணிக்கும் வலைக்கும் பட்ட கடன் தன்னைத் தானே கட்டிக்கொள்ளக் கூடும். சாமத்தியச் சடங்கின் மண்டபத்துக்கும் ஒளிப்படத் தொகுப்புக்கும் பட்ட கடன் அவ்வாறு கட்டிக்கொள்ளாது. மூன்றாம் வகைக் கடன் எந்தக் குடும்பத்தையும் வாழவைத்ததில்லை. ஊர்ப் பெரியவர்களும், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிருவாகத்தினரும் சடங்குச் செலவுக்கு ஓர் அளவை வகுத்தால், பலர் மனத்துக்குள் நன்றி கூறுவர். எவரும் தாமே முதலில் குறைக்கத் துணிவதில்லை; எல்லோரும் சேர்ந்து குறைத்தால் எவருக்கும் இழுக்கில்லை. அவ்வாறே, சீதன வீடு என்ற நல்ல வழக்கத்தைக் காக்க வேண்டுமாயின், அதனோடு வந்து ஒட்டிக்கொண்ட மோட்டார் சைக்கிளையும் பவுண் கணக்கையும் மாப்பிள்ளை வீட்டார் கைவிடுதல் வேண்டும். 2025 இன் பிற்பகுதியில் ஒரு பவுண் தங்கம் மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டிச் சென்றது. பத்துப் பவுண் கேட்பவர், ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பைக் கேட்கிறார் என்பதை உணர்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. கடன் கட்ட முடியாமற் போவது மானக்கேடன்று. அது ஓர் இக்கட்டு மாத்திரமே. நாடே அவ்விக்கட்டில் நின்றதை நாம் எல்லோரும் கண்டோம். தவணை நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருக்கும் பெண்ணின் வீட்டுக்கு, குழுவிலுள்ள மற்றைய பெண்கள் பணம் கேட்டுச் செல்வதற்கு முன்னர், அவள் காலையில் உண்டாளா என்று கேட்டுச் செல்லட்டும். மனம் உடைந்திருப்போர் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். கிராம உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ முறையிடலாம். மூவராகவோ ஐவராகவோ சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நிற்பதே குழுக்கடனின் அடிப்படை. அந்தப் பிணை நிறுவனத்தின் தவணைக்காக மட்டுமன்றி, கூடியிருக்கும் பெண்களின் வாழ்வுக்காகவும் நிற்குமாயின், முற்றத்தில் கூடும் அக்கூட்டத்தின் தன்மையே மாறிவிடும்.